செடிகளை எண்ணிய செல்வி ஜானகி அம்மாள்

பிறந்தநாள் கேக்கின் உச்சியில் சிவப்பாக ஒரு பழம் வீற்றிருக்குமே, அதன் பெயர் என்ன? செர்ரி என்று உடனே சொல்வீர்கள். உண்மையில் அது பெரும்பாலும் நம் ஊர்ப்பக்கத்துப் புதர்க்காடுகளில் காய்க்கும் களாக்காய்தான். சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியதும் அது செர்ரியாகிவிடுகிறது! உண்மையான இனிப்புச் செர்ரி குளிர்நாட்டு மரம். வெளித்தோற்றத்தைக் கண்டு மயங்காமல், செடியின் உள்ளே நுழைந்து அதன் உறவுமுறையை ஆராய்ந்தறிந்த பெண்மணி ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

எடவலேத் கக்கட் ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், மலபாரைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தையார் நீதித்துறை அலுவலர். செடிகொடிகளில் பெருவிருப்பம் கொண்டவர். பல பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். தலச்சேரி திருஇருதயக் கன்னியர் மடப் பள்ளியில் பயின்ற ஜானகி, பின்னர்ச் சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கற்றுத் தாவரவியலில் பட்டம் பெற்றார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாகவும் பணிபுரிந்தார்.

அக்காலத்தில் பெண்ணுக்குப் படிப்பு என்பதே அரிது. வீட்டில் திருமணப் பேச்சு எழுந்தது. அதே வேளையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயில உதவித்தொகையும் கிடைத்தது. மணமாலையா, நூலகமா? ஜானகி கல்வியையே தேர்ந்தார். 1924இல் கடல் கடந்து சென்று, 1931இல் அறிவியல் முனைவர் ஆனார்.

1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். பொங்கலுக்கு நாம் கடித்துச் சுவைக்கும் கரும்பில் இனிப்பு மட்டும் இருந்தால் உழவருக்குப் போதுமா? நோயையும் வறட்சியையும் தாங்க வேண்டாமா? அந்த வலிமை காட்டுக் கரும்புக்கு உண்டு. அதனால் நாட்டுக் கரும்பையும் காட்டுக் கரும்பையும் அந்நிலையத்தார் முன்னரே கலந்து வந்தனர். ஜானகி அவற்றின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் வைத்து, மரபைச் சுமந்து செல்லும் மெல்லிய இழைகளான குரோமோசோம்களை எண்ணினார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கூடக் கலந்து புதுச் செடி உண்டாக்கினார். ஆனால் பாராட்டோடு மனவருத்தமும் வந்தது. தனித்து வாழும் பெண் என்பதும், அவர் பிறந்த சாதியும் உடன் பணியாற்றிய சிலர் கண்ணை உறுத்தின.

1939இல் எடின்பரோ நகரில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். போர் மூண்டது; இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1940 முதல் இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணி. செர்ரி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற இடம் அது. பூத்துக் குலுங்கும் இனிப்புச் செர்ரி மரம் தனித்து நின்றால் பெரும்பாலும் காய்ப்பதில்லை. தன் மகரந்தத்தை அது ஏற்பதில்லை. பொருத்தமான வேறு வகை மரம் அருகில் இருக்க வேண்டும். எவ்வகைக்கு எவ்வகை பொருந்தும் என்பதை அந்நிலையத்தின் கிரேன் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் வகுத்துக் காட்டினர். இனிப்புச் செர்ரிக்கு 16 குரோமோசோம்கள். புளிப்புச் செர்ரிக்கு 32. இவ்வெண்ணிக்கை தெரிந்தால், எது எதற்கு உறவு, எதை எதனுடன் கலக்கலாம் என்று வழி தெரியும்.

இலண்டன் மாநகர்மீது குண்டுமாரி பொழிந்த அந்நாட்களிலும் ஜானகியின் ஆராய்ச்சி நிற்கவில்லை. உலகெங்கும் மனிதர் வளர்க்கும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் திரட்டி, டார்லிங்டன் என்ற அறிஞருடன் இணைந்து 1945இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பழமரம் வளர்ப்போருக்கும் பயிர் வளர்ப்போருக்கும் அது கைவிளக்காயிற்று. பின்னர் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். வெண்மலர் பூக்கும் ஒரு மக்னோலியா வகை அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது.

1951இல் பிரதமர் நேரு அழைக்கத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையிலும் அவர் ஓய்ந்தாரில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணை நீரில் மூழ்கடிக்கும் திட்டம் எழுந்தபோது, எண்பது வயதைக் கடந்த அவர் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். வெட்டிய காட்டை மீண்டும் ஆக்க இயலுமா?

1970 முதல் அவர் வாழ்ந்ததும் பணிபுரிந்ததும் எங்கே தெரியுமா? நம் திருக்கழுக்குன்றத்திலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில், சென்னையை அடுத்த மதுரவாயலில்! சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்களத்தில் மூலிகைகளை வளர்த்து, எளிய வாழ்வு வாழ்ந்தார். 1984 பிப்ரவரி 7ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை, காடு இருக்கிறது.

பெற்றோரே! மேலே படிக்கிறேன் என்று மகள் கேட்கும் நாளில் ஜானகியை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவியரே! அடுத்த முறை கேக்கின்மேல் உள்ள சிவப்புப் பழத்தைக் காணும்போது உடனே விழுங்கிவிடாதீர்கள். இது எந்தச் செடி, இதன் உறவினர் யார் என்று ஒரு கணம் கேளுங்கள். அந்தக் கேள்விதான் தலச்சேரிப் பள்ளிச் சிறுமி ஒருத்தியை உலகம் போற்றும் அறிஞர் ஆக்கியது.