உறக்கத்தின் உறைவிடம் கண்ட எக்கோனமோ

களைத்த உடலில் தானே வந்து கவியும் ஓய்வே உறக்கம் என்று நெடுங்காலம் பலரும் எண்ணியிருந்தனர். உறக்கத்திற்கும் விழிப்பிற்கும் மூளையில் தனித்தனி இடங்கள் உண்டு என்று காட்டியவர் கான்ஸ்டன்டின் ஃபான் எக்கோனமோ. அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

ருமேனியாவின் பிராய்லா நகரில் 1876ஆம் ஆண்டு கிரேக்கப் பெற்றோர்க்குப் பிறந்த இவர், அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசைச் சார்ந்திருந்த திரியெஸ்தெ துறைமுக நகரில் வளர்ந்தார். தந்தையின் விருப்பப்படி வியன்னாவில் பொறியியல் பயின்றார். உள்ளமோ மருத்துவத்தையே நாடிற்று. எனவே துறை மாறி, 1901இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வானூர்தி செலுத்துவதிலும் வல்லவரான இவர், முதல் உலகப் போரில் விமானியாகவும் பணியாற்றினார். பின்னர்ப் பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கி வியன்னா திரும்பி, மருத்துவப் பணியை மேற்கொண்டார்.

அக்காலத்தில் விந்தையான நோயாளிகள் சிலர் மருத்துவமனைக்கு வந்தனர். சிலர் பல நாள், பல வாரம் உறங்கினர். எழுப்பினால் விடை கூறிவிட்டு மீண்டும் உறங்கினர். வேறு சிலர்க்கோ உறக்கமே வரவில்லை. மாறுபட்ட இக்குறிகளுக்குள் ஒரே நோய் ஒளிந்திருப்பதை உணர்ந்த எக்கோனமோ, 1917இல் அதனை உறக்க மூளையழற்சி என்று பெயரிட்டு வெளியிட்டார். இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தபோது, மிகுதியாய் உறங்கியோர்க்கு ஹைபோதலாமஸ் பகுதியின் பின்புறத்திலும், உறக்கம் இழந்தோர்க்கு அதன் முன்புறத்திலும் சிதைவு இருக்கக் கண்டார். பின்புறம் விழிப்பைக் காக்கிறது, முன்புறம் உறக்கத்தைத் தருகிறது என்று முடிவு செய்தார்.

1931இல், தம் 55ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் கூற்றின் மெய்ம்மையைப் பிற்கால ஆய்வுகள் நிறுவின. முன்புற நரம்பணுக்கள் விழிப்பு மையங்களை அடக்கும் செய்தியை அனுப்புகின்றன என்பது 1996இல் தெளிவாயிற்று. பின்புற அணுக்கள் சுரக்கும் ஒரெக்சின் என்னும் பொருள் 1998இல் கண்டறியப்பட்டது. விழிப்பை நிலைநிறுத்துவது அதுவே. அதன் செய்தியை ஏற்கும் ஏற்பியின் மரபணு பழுதுற்ற நாய்கள், நின்ற நிலையிலேயே திடுமெனத் துயிலில் வீழ்வதை 1999இல் அறிஞர்கள் விளக்கினர். மனிதர்க்கு வரும் அத்தகைய நோயிலோ, பெரும்பாலும் அவ்வணுக்களே அழிந்துபோகின்றன என்பது 2000இல் புலனாயிற்று.

வகுப்பில் அடக்கவொண்ணாது கண்ணயரும் மாணவனைச் சோம்பேறி என்று நாம் எளிதில் இகழ்ந்துவிடுகிறோம். அவனுள் ஒரு நோய் இருக்கக்கூடும். இகழுமுன் அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே எக்கோனமோவின் வாழ்வு நமக்கு உணர்த்தும் கடமையாகும்.