விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை: கில்பர்ட் வாக்கரின் வாழ்வு



2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவை மாமல்லபுரம் கடற்கரையில் வாழ்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருவருகைக்காலத்தின் நடுவில் வந்த மாண்டஸ் புயல் அன்று நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. ஆனால் கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை பல நாட்களுக்கு முன்பே வந்துவிட்டதால், மீனவர்கள் படகுகளை மேட்டில் ஏற்றிவிட்டு வீட்டில் இருந்தார்கள்.

புயல் வரும் நாளையும் இடத்தையும் முன்கூட்டியே அறிவது இன்று நமக்குப் பழகிப்போன செய்தி. இந்த ஆண்டு மழை எப்படி இருக்கும் என்ற முன்னறிவிப்பையும் செய்தியில் கேட்கிறோம். அப்போதெல்லாம் எல் நினோ என்ற சொல்லும் காதில் விழுகிறது. அந்தச் சொல் நமக்கு அந்நியமானதல்ல. ஸ்பானிய மொழியில் அது குழந்தை இயேசுவைக் குறிக்கும். கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டித் தங்கள் கடலில் வெதுவெதுப்பான நீர் வருவதைக் கவனித்த பெரு நாட்டு மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் அது. அங்கே கடல் சூடானால் இங்கே கோவளத்துக் கடலோரத்திலும், செங்கல்பட்டு ஏரிகளிலும் மழையின் போக்கு மாறக்கூடும். உலகின் இரண்டு முனைகளை இணைக்கும் இந்த உறவைத் தேடித் தன் வாழ்நாளைச் செலவிட்டவர் சர் கில்பர்ட் வாக்கர். அவருடைய வாழ்வை இன்று சற்றுச் சிந்திப்போம்.

மழை பொய்த்த நாடு

வாக்கரின் பணியைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு பெரும் துயரத்தை நினைவுகூர வேண்டும். 1876-இல் பருவமழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. நம் முன்னோர் அதைத் தாது வருடப் பஞ்சம் என்றார்கள். இலட்சக்கணக்கானோர் பசியாலும் கொள்ளைநோயாலும் இறந்தனர். கோவளம், மாமல்லபுரம் வழியே போகும் பக்கிங்காம் கால்வாயை நாம் அடிக்கடி கடந்து செல்கிறோம். அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்த மனிதர்கள் சிறு கூலிக்கு மண் சுமந்த இடம் அது.

இந்திய வானிலை ஆய்வுத்துறை 1875-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இமயமலையில் பனி அதிகமாகப் பெய்த ஆண்டில் அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்று கண்டு, அதைக்கொண்டு அவர் முன்னறிவிப்புகள் செய்தார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் அப்பணியைத் தொடர்ந்தார். ஆனால் 1899-இல் நல்ல மழை வரும் என்று அறிவித்த ஆண்டிலேயே மழை முற்றிலும் பொய்த்தது. மீண்டும் பஞ்சம். மழையைப் பற்றிய ஒரு தவறான கணிப்பு எவ்வளவு பெரிய தவறு என்பதை நாடே உணர்ந்தது. இந்தச் சூழலில்தான் அந்தப் பொறுப்பு வாக்கரிடம் வந்தது.

வானிலை அறியாத கணித மேதை

கில்பர்ட் தாமஸ் வாக்கர் 1868-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1889-இல் கணிதத் தேர்வில் முதல் மாணவராகத் தேறினார். கடுமையான உழைப்பு அவருடைய உடல்நலத்தைக் கெடுத்தது. அதனால் மூன்று குளிர்காலங்களைச் சுவிட்சர்லாந்தில் கழித்தார். பனிச்சறுக்கு அவருக்கு மிகவும் பிடித்தது. எறிந்தவரிடமே திரும்பி வரும் பூமராங் என்னும் எறிகருவி எப்படிப் பறக்கிறது என்பதையும் ஆராய்ந்தார். நண்பர்கள் அவரைப் பூமராங் வாக்கர் என்றே அழைத்தார்கள். புல்லாங்குழலின் அமைப்பும் பறவைகளின் பறத்தலும் அவரை ஈர்த்தன.

இப்படிப்பட்டவர் 1904-இல் இந்திய வானாய்வு நிலையங்களின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். தலைமையகம் சிம்லாவில். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடமும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. ஆனால் வானிலை அறிவியலில் அவருக்கு அதுவரை எந்தப் பயிற்சியும் இல்லை. கணிதம் மட்டுமே கையில் இருந்தது. எனவே தனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்கினார். மழை ஏன் பொய்க்கிறது என்று ஊகிக்காமல், அது எப்போது பொய்த்தது, அப்போது உலகின் பிற இடங்களில் என்ன நடந்தது என்று எண்ணத் தொடங்கினார்.

உலகெங்கும் ஒரு தேடல்

உலகின் பல நாடுகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பல ஆண்டுப் பதிவுகள் சிம்லாவில் திரட்டப்பட்டன. இன்று கணினி சில நொடிகளில் செய்யும் கணக்கை அன்று இந்திய எழுத்தர்கள் தாளும் பேனாவும் கொண்டு செய்தார்கள். ஓர் ஊரின் காற்றழுத்தம் உயரும்போது மற்றோர் ஊரின் மழை கூடுகிறதா, குறைகிறதா? இந்த ஒரே கேள்வியை ஆயிரக்கணக்கான முறை கேட்டு, ஆண்டுக்கணக்கில் எண்களைக் கூட்டிப் பெருக்கினார்கள். அவர்களில் பலருடைய பெயர்கள் வெளியே தெரியாது. ஆனால் அந்த உழைப்பின்றி வாக்கரின் பெயரும் இல்லை.

மெல்ல மெல்லச் சில உறவுகள் தெரிந்தன. இமயத்தில் பனி அதிகமானால் இந்தியாவில் மழை குறைந்தது. தென் அமெரிக்காவில் காற்றழுத்தம் கூடினால் மழை நன்றாக இருந்தது. மொரீசியஸ் தீவில் காற்றழுத்தம் கூடினாலோ, ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் ஏப்ரல், மே மாத மழை மிகுந்தாலோ இங்கே மழை குறைந்தது. இவற்றைச் சேர்த்துப் பருவமழையை முன்னறியும் ஒரு சூத்திரத்தை அவர் அமைத்தார்.

இது ஏன் இப்படி? நம் வீட்டு அடுப்பங்கரையை நினைத்துப் பாருங்கள். அடுப்பின் மேல் சூடான காற்று எழும்பிக் கூரையின் கீழ் பரவுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவின் இடுக்கு வழியே குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. உலகமும் அப்படித்தான். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரிய வெப்பம் மிகுதியாக விழுகிறது. துருவங்களோ தாங்கள் பெறும் வெப்பத்தைவிட அதிகமாக வெளியே இழக்கின்றன. மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அந்த வெப்பத்தைக் காற்றும் கடல் நீரோட்டமும் ஓயாமல் சுமந்து செல்கின்றன. வாடைக்காற்றும் கொண்டலும் இந்தப் பெரிய சுமைகூலி வேலையின் சிறு பகுதிகளே. எனவே ஓரிடத்தில் தடை ஏற்பட்டால் எங்கோ ஓரிடத்தில் மழை தவறுகிறது.

பனிக்கண்டத்திலிருந்து சிம்லாவுக்கு

துருவங்களின் வானிலையும் சிம்லாவை எட்டியது. வாக்கரின் துறையில் 1906-இல் சேர்ந்தவர் ஜார்ஜ் சிம்ப்சன். 1910-இல் கேப்டன் ஸ்காட் தென்துருவப் பயணம் புறப்பட்டபோது, அக்குழுவின் வானிலை ஆய்வாளராக அவர் சென்றார். அண்டார்டிகாவின் கடும் குளிரில் காற்றையும் வெப்பத்தையும் அளந்து பதிவு செய்தார். தென்துருவத்தை அடைந்த ஸ்காட்டும் அவருடைய நான்கு தோழர்களும் 1912-இல் திரும்பும் வழியில் இறந்தனர். சிம்ப்சன் அதே ஆண்டு சிம்லாவில் தம் பணிக்குத் திரும்பினார். அவருடைய அண்டார்டிக் வானிலை நூல் 1919-இல் கல்கத்தாவில் அச்சாகி வெளிவந்தது. பின்னாளில், 1928, 1929 ஆண்டுகளில், பூமி எங்கெங்கே எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்று கணக்கிட்டு, துருவங்களை நோக்கி எவ்வளவு வெப்பம் சுமந்து செல்லப்படுகிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

பிறர் திறமையை மதித்தவர்

வாக்கரின் வாழ்வில் தமிழ்நாட்டோடு தொடர்புடைய அழகான நிகழ்வு ஒன்று உண்டு. 1913-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தார். அப்போது சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்தார் ஓர் இளைஞர். அவருடைய கணிதக் குறிப்புகள் வாக்கரிடம் காட்டப்பட்டன. அந்த இளைஞர்தான் சீனிவாச ராமானுஜன்.

அந்தக் கணிதப் பிரிவில் தனக்குப் போதிய பயிற்சி இல்லை என்பதை வாக்கர் மறைக்கவில்லை. ஆனாலும் தன் முன் இருப்பது அரிய திறமை என்பதை உணர்ந்தார். தாமதிக்காமல், பிப்ரவரி 26-ஆம் நாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, அவர் கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபட உதவும்படி பரிந்துரைத்தார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை ராமானுஜனுக்குக் கிடைத்தது. பெரிய பதவியில் இருப்பவர் ஒரு நாள் வருகையில் ஓர் எழுத்தரின் வாழ்வை மாற்ற முடியும் என்பதற்கு இது சான்று.

ஊசலாடும் உலகம்

1924-இல் வெளிவந்த ஆய்வில் வாக்கர் தம் மிகப் பெரிய கண்டுபிடிப்பை விளக்கினார். பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் குறைகிறது. அங்கே குறையும்போது இங்கே உயர்கிறது. ஏற்றப் பலகையின் இரு முனைகளில் அமர்ந்த குழந்தைகளைப் போல இரு பெருங்கடல்களும் ஏறி இறங்குகின்றன. இதற்கு அவர் தெற்கத்திய அலைவு என்று பெயரிட்டார். வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் இதுபோன்ற வேறு இரண்டு அலைவுகளையும் எடுத்துக்காட்டினார். ஐஸ்லாந்து, கிரீன்லாந்து போன்ற வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளின் குளிரும் ஐரோப்பாவின் குளிரும் எப்படி எதிரெதிராக அசைகின்றன என்பது அதனால் விளங்கியது.

அதே ஆண்டு அவர் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். சர் பட்டமும் அவ்வாண்டு கிடைத்தது. 1934 வரை இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார்.

ஆனால் எதற்காக இந்தியாவுக்கு வந்தாரோ, அதில் அவர் முழு வெற்றி பெறவில்லை. அவருடைய சூத்திரங்கள் சில ஆண்டுகள் பொருந்தின, சில ஆண்டுகள் பொய்த்தன. பலமாகத் தெரிந்த உறவுகள் காலப்போக்கில் வலுவிழந்தன. பெருங்கடல்கள் இப்படி ஏன் ஊசலாடுகின்றன என்ற காரணத்தையும் அவரால் சொல்ல முடியவில்லை. அறிஞர்கள் பலர் ஐயத்தோடு ஒதுங்கினார்கள். 1958-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், தம் 90-ஆம் வயதில் அவர் காலமானார். அவரைப் பற்றி எழுதப்பட்ட அஞ்சலிக் குறிப்பு ஒன்றுகூட, அவர் எதிர்பார்த்த பலன் விளையவில்லை என்றே கூறியது.

பின்னால் வந்த விளைச்சல்

அவர் வாழ்வின் இறுதிக் காலமான 1957-58-இல்தான் பசிபிக்கில் பெரிய எல் நினோ ஒன்று நிகழ்ந்தது. அப்போது எடுக்கப்பட்ட அளவுகளை ஜேக்கப் பியர்க்னஸ் என்ற அறிஞர் ஆராய்ந்தார். வாக்கர் கண்ட காற்றின் ஊசலும், பெரு மீனவர்கள் கண்ட கடலின் வெப்பமும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதை அவர் விளக்கினார். 1969-இல், பசிபிக்கின் மேல் கிழக்கு மேற்காகச் சுழலும் அந்தக் காற்றோட்டத்துக்கு வாக்கரின் பெயரையே சூட்டினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் சிம்லாவில் எழுத்தர்கள் போட்ட கணக்கு அன்று உயிர்பெற்றது. இன்று உலகெங்கும் பருவமழையைக் கணிப்பவர்கள் எல் நினோவையும் தெற்கத்திய அலைவையும் பார்க்காமல் பேசுவதில்லை.

நம் பகுதியும் இதை அனுபவித்திருக்கிறது. எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது. ஆனால் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை பல நேரங்களில் மிகுகிறது. 2015 வலுவான எல் நினோ ஆண்டு. அவ்வாண்டு நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை 14 விழுக்காடு குறைந்தது. டிசம்பர் தொடக்கத்திலோ தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த ஆண்டே, 2016-இல், வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்து ஏரிகள் வறண்டன. எல்லா ஆண்டும் இந்த விதி அப்படியே பொருந்துவதில்லை. வாக்கர் வருந்திக் கற்ற பாடமும் அதுவே. ஆனாலும், மழைக்கு முன் மதகுகளையும் கால்வாய்களையும் சரிசெய்ய இந்த அறிவு நமக்குக் காலம் தருகிறது.

நமது சிந்தனைக்கு

அன்புக்குரியவர்களே, வாக்கரின் வாழ்வு நமக்கு இரண்டு உண்மைகளைச் சொல்லாமல் சொல்கிறது. முதலாவது, இந்த உலகம் ஒரே வீடு. அண்டார்டிகாவின் பனியும், பெருவின் கடலும், மதுராந்தகம் ஏரியின் தண்ணீரும் தனித்தனி அல்ல. ஓரிடத்தில் நாம் செய்யும் கேடு வேறோர் இடத்தில் யாரோ ஓர் ஏழையின் வயலைத் தொடும்.

இரண்டாவது, பலனைக் காணாத உழைப்பும் வீண் அல்ல. தன் கணிப்பு தவறியபோதும் வாக்கர் எண்களை மாற்றவில்லை, பதிவுகளைத் தூக்கி எறியவில்லை. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதி வைத்தார். அந்த நேர்மைதான் பின்னால் வந்தவர்களுக்கு வித்தானது. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும், மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியர்களும், நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களும் இதைத் தம் அனுபவத்தில் அறிவார்கள்.

அடுத்த முறை வானொலியில் மழைச் செய்தி கேட்கும்போது, சிம்லாவின் மேசைகளில் குனிந்து கணக்குப் போட்ட அந்தப் பெயரறியா எழுத்தர்களையும், அவர்களோடு உழைத்த வாக்கரையும் நன்றியோடு நினைப்போம். நாம் அறுக்கப் போகாத எந்த வயலில் இன்று நாம் விதைக்கிறோம் என்றும் நம்மையே கேட்டுக்கொள்வோம்.