பட்டம் பெறாத பேராசிரியர்

பூலியன் இயற்கணிதம் நம் பாடத்தில் இருக்கிறது; பூல் இல்லை. தேர்வுக்கு அவர் வேண்டியதில்லை. ஆயினும் அவர் வரலாற்றை நூலகத்தில் படித்த நாள்முதல், கூட்டற்சுற்று வரையும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

ஜார்ஜ் பூல் 1815 நவம்பர் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தார். தந்தை காலணி செய்பவர். மனமோ தொலைநோக்கி செய்வதில் இருந்தது. தொழில் நொடித்தது. 16 வயதிலேயே ஜார்ஜ் பள்ளி உதவியாசிரியராகிக் குடும்பத்தைத் தாங்கினார். 19 வயதில் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். மாணவராகக் கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை. பிரெஞ்சு மொழியைத் தாமே கற்று, லாக்ராஞ்சு, லாப்லாசு ஆகியோரின் கணித நூல்களைத் தனியே படித்துத் தேறினார். 1844-இல் ராயல் சொசைட்டியின் பதக்கம் கிடைத்தது. 1849-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் திறந்த குயின்ஸ் கல்லூரி, பட்டமே இல்லாத அவரை முதல் கணிதப் பேராசிரியராக அமர்த்தியது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என் போன்றோர் இவ்வரியை இருமுறை படிப்போம்.

1854-இல் வெளிவந்த அவருடைய 'சிந்தனையின் விதிகள்' நூலின் அடிப்படை எளிது. மந்தையில் கறுப்பு ஆடுகளைப் பிரிக்கிறோம். பிரித்தவற்றுள் மீண்டும் கறுப்பு ஆடுகளைப் பிரித்தால் அதே ஆடுகள்தாம் கிட்டும். அதாவது ஒரு குறியை அதனாலேயே பெருக்கினால் அதே குறி. எண்களில் இது 0, 1 இரண்டுக்கே பொருந்தும்.

குறியை அதனுடனேயே கூட்டினாலும் அதே குறி என்று நாம் மனப்பாடம் செய்யும் விதி மட்டும் பூலுடையதன்று. ஜெவன்ஸ் என்ற அறிஞர் கடிதம் எழுதி வற்புறுத்தியும் பூல் ஏற்கவில்லை. இதில் நான் ஜெவன்ஸ் பக்கமே!

1864-இல் ஒருநாள் கொட்டும் மழையில் நடந்து கல்லூரிக்குச் சென்று, ஈர உடையுடனேயே பாடம் நடத்தினார். காய்ச்சல் கண்டு டிசம்பர் 8-ஆம் நாள் மறைந்தார். வயது 49. ஐந்து பெண்மக்களுள் மூத்தவளுக்கு எட்டு வயது, கடைசி கைக்குழந்தை.

அவர் இயற்கணிதம் நெடுங்காலம் தர்க்கவியலார் கையிலேயே இருந்தது. 1937-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க மாணவர், சுவிட்சின் திறந்த நிலையும் மூடிய நிலையும் பூலின் அவ்விரண்டு எண்களே என்று தம் முதுநிலை ஆய்வேட்டில் காட்டி, இரும எண்களைக் கூட்டும் சுற்றையும் வகுத்தார். சமன்பாட்டைச் சுருக்கினால் சுற்றும் சுருங்கும். நம் முழுக்கூட்டியில் கூட்டுத்தொகைக்கு இரண்டு எக்ஸார் கேட்டுகள், கேரிக்கு மூன்று ஆண்ட், இரண்டு ஆர், ஆக ஏழு. முதல் எக்ஸாரின் விடையைக் கேரிக்கும் பயன்படுத்தினால் இரண்டு ஆண்ட், ஓர் ஆர் போதும், ஏழு ஐந்தாகிறது. மைன்கிராஃப்ட் விளையாட்டில் ரெட்ஸ்டோன் தூளிட்டுக் கூட்டி கட்டும் விடுதி நண்பர்களும் இடத்தை மிச்சப்படுத்த இவ்வழியையே கையாள்கிறார்கள், பூலின் பெயர் அறியாமலேயே.