மருந்துச் சீட்டில் எழுதப்படாத பெயர்

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை உட்கொள்ளும் பல்லாயிரம் பேரில், எல்லப்ரகட சுப்பாராவின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே. சென்னையில் மருத்துவம் பயின்ற இம்மனிதரை நம் பாடநூல்களும் போதிய அளவு நினைவுகூரவில்லை என்பது என் எண்ணம்.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று பிறந்தவர் சுப்பாராவ். இளமையிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை வென்றார். மாநிலக் கல்லூரி வழியாகச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கைநழுவி, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. அரசு மருத்துவப் பணியும் வாய்க்கவில்லை. ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் உடற்கூறு கற்பித்தார். உடன்பிறந்தோர் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்கு அடுத்தடுத்துப் பலியானதும் இக்காலத்தில்தான். அந்நோயாளிகளிடம் காணப்படும் ரத்தசோகை, பிற்காலத்தில் அவரது ஆய்வின் மையமாயிற்று.

மாமனாரின் உதவியோடும் அறக்கட்டளை ஒன்றின் நிதியோடும் 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார். பகலில் ஹார்வர்டில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை. சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தொடர்ந்து தசை இயக்கத்துக்கு ஆற்றல் தரும் பாஸ்போகிரியாட்டினையும் ஏடிபி மூலக்கூறையும் இருவரும் கண்டறிந்தனர். ஏடிபியை அதே 1929இல் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியே கண்டறிந்தார். இத்தனைக்குப் பின்னும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தரவில்லை. உயர்கல்வி நிறுவனங்களில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் இது எனக்கு வியப்பளிக்கவில்லை.

1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் இணைந்த பிறகே அவரது பெரும் பணி தொடங்கியது. பம்பாயில் கருவுற்ற பெண்களின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சத்தில் ஏதோவொன்று அதைக் குணப்படுத்துவதை 1930களின் தொடக்கத்திலேயே உணர்த்தியிருந்தார். அந்த ஏதோவொன்றான ஃபோலிக் அமிலத்தை 1945இல் சுப்பாராவின் குழு செயற்கையாகத் தயாரித்தது. பின்னர் அதன் வடிவத்தைச் சற்றே மாற்றி, உயிரணுவை ஏமாற்றும் எதிர்ப்பொருள்களையும் உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் கொடுத்து, ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளிடம் தற்காலிக நிவாரணம் கண்டதை சிட்னி ஃபார்பர் 1948இல் அறிவித்தார். அதன் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்ஸேட்.

அமினோப்டெரின் மூட்டு அழற்சியைத் தணிப்பதை 1951இல் வேறொரு குழு கவனித்தது. ஆயினும் வாரம் ஒருமுறை சிறிய அளவில் மெத்தோட்ரெக்ஸேட் தரும் முறைக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது 1988இல்தான். இடையில் கழிந்த ஆண்டுகளின் விலையைச் சிறுநீரகங்கள் செலுத்தின. அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால், கல்லீரல் ஒருவகைப் புரதத்தை மிகுதியாகச் சுரக்கும். அது நார்களாகத் திரிந்து உறுப்புகளில் படியும். அமிலாய்டோசிஸ் எனப்படும் இந்நிலையில், சிறுநீரில் புரதம் கசிந்து, கால் வீங்கி, இறுதியில் சிறுநீரகம் செயலிழக்கும். நம் நாட்டில் காசநோய் இதற்கு முதன்மைக் காரணமாக இருந்தது; செல்வ நாடுகளில் முடக்குவாதம். முடக்குவாதத்தைத் தொடக்கத்திலேயே அடக்கும் மருந்துகள் வந்தபின் அங்கே இந்நோய் குறைந்தது. (பரம்பரைத் தன்னழற்சி நோயொன்றில் இப்படிவைத் தடுப்பது கோல்ச்சிசின். அது நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் உண்டு.)

எங்கள் சுந்தரபாண்டியத்திலிருந்து மூட்டுவலிக்கு மருந்து வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் பேருந்து ஏறுவோரைப் பார்க்கிறேன். பொருளியல் படித்தவனின் கண்ணுக்கு முதலில் தெரிவது விலை. புதிய உயிரியல் ஊசிகள் எளியோரால் எட்ட முடியாதவை, இம்மாத்திரையோ மலிவானது. மலிவும் பழக்கமும் அலட்சியத்துக்கு இடம் தரக்கூடாது. வாரம் ஒருமுறைக்கான இம்மருந்தைத் தவறுதலாக நாள்தோறும் உண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுப்பதை மருந்தகங்கள் வழக்கமாக்க வேண்டும். பக்கவிளைவைக் குறைக்க உடன் தரப்படும் மஞ்சள் நிற ஃபோலிக் அமில மாத்திரைக்கும் சுப்பாராவின் ஆய்வுக்கூடமே தாய்வீடு.

யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வழங்கப்பட்ட டிஇசி மாத்திரையும், 1948இல் வெளிவந்த ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் அவர் தலைமையில் நடந்த ஆய்வுகளின் பயனே. அமெரிக்கக் குடியுரிமை பெறாமல் அயலவராகவே வாழ்ந்தார், தாயகத்துக்கும் திரும்பவில்லை. ஃபார்பரின் கட்டுரை வெளியான இரண்டே மாதங்களில், 1948 ஆகஸ்டில், உறக்கத்திலேயே இதயம் நின்று மறைந்தார். வயது 53. கப்பலேறியபோது ஊரில் விட்டுவந்த மனைவி சேஷகிரியை அவர் பிறகு ஒருமுறையும் காணவில்லை.