மூளை அறுவையின் முன்னோடி

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் ஹார்வி குஷிங் பிறந்தார். கொள்ளுப்பாட்டனார், பாட்டனார், தந்தையார் என மூன்று தலைமுறையினரும் மருத்துவர்கள். பத்து மக்களுள் இளையவரான குஷிங், யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் 1891இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தும் பொறுப்பு, அந்நாளில் போதிய பயிற்சியில்லாத மாணவர்களிடம் விடப்பட்டிருந்தது. ஒருநாள் அப்பொறுப்பு குஷிங்கிடம் வந்தது. அவர் ஈதர் கொடுத்த நோயாளி உயிரிழந்தார். அத்தகைய இறப்புகளைப் பெரிதாக எண்ணாத காலம் அது. குஷிங்கோ மருத்துவப் படிப்பையே விட்டுவிடலாமா என்று கலங்கினார்.

படிப்பை விடாமல், உயிர் எவ்வாறு நழுவுகிறது என்பதை அளந்தறிய முற்பட்டார். யார் நோயாளியைச் செம்மையாக மயக்கத்தில் வைப்பது என்று அவருக்கும் உடன்பயின்ற எர்னஸ்ட் காட்மனுக்கும் போட்டி எழுந்தது. தோற்றவர் விருந்து அளிக்கவேண்டும்! அறுவை நடக்கும்போதே நாடித்துடிப்பையும் மூச்சையும் எண்ணித் தாளில் குறிக்கும் முறையை இருவரும் உருவாக்கினர். இன்று உலகெங்கும் அறுவை அரங்குகளில் எழுதப்படும் மயக்கநிலைப் பதிவேட்டின் தொடக்கம் அதுவே.

பின்னர்ப் பால்டிமோர் நகரில் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மேதையிடம் பயிற்சி பெற்றார். விரைவாக அறுப்பதே திறமை எனப் பலரும் கருதிய நாளில், குருதி வீணாகாமல் மெல்ல அறுக்கக் கற்பித்தவர் ஹால்ஸ்டெட். 1901இல் இத்தாலியின் பாவியா நகரில், கையில் பட்டை கட்டிக் குருதி அழுத்தத்தை அளக்கும் ரிவா ரோச்சியின் கருவியைக் கண்ட குஷிங், அதனை அமெரிக்காவிற்குக் கொண்டுவந்தார். விரலால் நாடி பார்ப்பதே போதும் என்று அதனைப் புறக்கணித்த மருத்துவர்களும் இருந்தனர்.

அக்காலத்தில் மண்டையோட்டைத் திறப்பது பெரும்பாலும் சாவை அழைப்பதாகவே இருந்தது. மூளையின் மென்மையான திசுவில், கசியும் குழாய்களை நூலால் கட்டிக் குருதியை நிறுத்துவது அரிது. 1911இல் குஷிங் சிறு வெள்ளிக் கவ்விகளைக் கொண்டு அக்குழாய்களை அடைத்தார். அவர் கையில் மூளைக்கட்டி அறுவையின் இறப்பு விகிதம் படிப்படியாகக் குறைந்து, நூற்றுக்குப் பத்துக்கும் கீழே வந்தது.

1926ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மறக்கவியலாதது. தம் ஆசான் வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதற்காகப் புலிட்சர் பரிசு பெற்றார். ஜூன் மாதம், யேலில் பயின்ற மூத்த மகன் வில்லியம் மகிழுந்து விபத்தில் இறந்த செய்தி ஒரு காலையில் வந்தது. துணைவியாருக்குத் தெரிவித்துவிட்டு, அன்று குறித்திருந்த அறுவையைச் செய்யச் சென்றார். கடமையுணர்வு என்பாரும் உளர். கல்மனம் என்பாரும் உளர். உதவியாளர்களிடம் கடுமை காட்டியவர், இல்லத்திற்குச் சிறிதளவே நேரம் ஒதுக்கியவர் என்பதும் உண்மையே. அவ்வாண்டு அக்டோபரில், இயற்பியலாளர் போவியின் மின்கருவியைக் கொண்டு, குருதிப்பெருக்கால் சில நாள்களுக்குமுன் பாதியில் நிறுத்திய அறுவை ஒன்றை முடித்தார். முன்பு தொட அஞ்சிய கட்டிகளும் அதன்பின் அவருக்கு வசப்பட்டன.

1931இல் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட தம் 2000ஆவது மூளைக்கட்டிக்கு அறுவை செய்தார். மறு ஆண்டு அவர் பிட்யூட்டரி சுரப்பியோடு தொடர்புபடுத்தி விளக்கிய நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1939 அக்டோபர் 7ஆம் நாள் காலமானார். உடற்கூறாய்வில் அவருடைய மூளையிலும் சிறு கட்டி ஒன்று இருந்தது தெரிந்தது. அவர் சேர்த்துவைத்த நோயாளிகளின் குறிப்புகளும் நிழற்படங்களும் மூளைக் கூறுகளும் யேல் பல்கலைக்கழகத்தில் இன்றும் காக்கப்படுகின்றன.