என். எஸ். கிருஷ்ணன்

என். எஸ். கிருஷ்ணன் (நவம்பர் 29, 1908 - ஆகஸ்ட் 30, 1957) தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகர், பாடகர், வில்லுப்பாட்டுக் கலைஞர், இயக்குநர் ஆவார். கலைவாணர் என்னும் பட்டப்பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறார். தமிழ்த் திரையில் நகைச்சுவையைச் சமூகச் சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பும் கருவியாக்கியவர்களுள் முதன்மையானவர்.

இளமையும் நாடகமும்

அன்றைய திருவிதாங்கூர் சமத்தானத்தில், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், சுடலைமுத்துப் பிள்ளை, இசக்கியம்மாள் இணையருக்குப் பிறந்தார். வறுமை காரணமாகப் பள்ளிப்படிப்பு தொடரவில்லை. சிறுவனாக நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர், பின்னர் அதே மேடையில் ஏறினார். டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்ற நடிப்பும், தென்குமரி மண்ணுக்குரிய வில்லுப்பாட்டும் அவர் கலையின் இரு வேர்கள் எனலாம்.

திரைப்படங்கள்

மேனகா (1935), சதிலீலாவதி (1936) ஆகியவை அவருடைய தொடக்கப் படங்கள். வசந்தசேனா படத்திற்காகப் புனே சென்றபோது நடிகை டி. ஏ. மதுரத்தைச் சந்தித்தார். இருவரும் திரையிலும் வாழ்விலும் இணைந்தனர். அக்காலத்தில் படத்தின் கதை ஒருபுறமிருக்க, இவ்விருவருக்கென நகைச்சுவைப் பகுதியைத் தனியே உருவாக்கி இடையிடையே சேர்ப்பது வழக்கமாயிற்று. அப்பகுதிகளின் கருவையும் பாடலையும் கிருஷ்ணனே திட்டமிட்டார். மூடநம்பிக்கை, சாதி வேற்றுமை, குடிப்பழக்கம் ஆகியவற்றை எள்ளி நகையாடிய அவர், தனிமனிதரைப் புண்படுத்துவதைத் தவிர்த்தார். உடுமலை நாராயணகவியின் பாடல்கள் அவருக்குப் பெருந்துணையாயின.

சிறைவாசம்

1944 நவம்பரில், திரையுலகினரைப் பற்றி அவதூறாக எழுதிவந்த இதழாசிரியர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். இவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதர், கிருஷ்ணன், தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைது செய்யப்பட்டனர். நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் இருவரும் நடித்த ஹரிதாஸ் (1944) சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தபோது, இருவரும் சிறையில் இருந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோற்றபின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அது வழக்கை மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர்.

ஏறத்தாழ முப்பது மாதங்களும் ஈட்டிய பொருளும் போயின. இக்காலத்தில் மதுரமும் எஸ். வி. சகஸ்ரநாமமும் என். எஸ். கே. நாடக சபையை நடத்தி வந்தனர். விடுதலைக்குப்பின் பாகவதரின் புகழ் மீளவில்லை. கிருஷ்ணனோ மக்களிடம் முன்னிலும் நெருங்கினார். சிறை அவரைக் கசப்புடையவராக்கவில்லை என்பது வியப்புக்குரியது. மணமகள் (1951), பணம் (1952) ஆகிய படங்களை இயக்கினார். சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்து, காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாக ஊரூராகப் பாடினார். நாகர்கோவிலில் காந்தி நினைவுத்தூண் ஒன்றையும் எழுப்பினார். கேட்டவர்க்கு இல்லையென்னாத கொடையினால், கடைசி ஆண்டுகளில் பணமுடையில் வாழ்ந்தார்.

காஞ்சிபுரமும் கலைவாணரும்

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் நெசவாளர் மரபில் பிறந்த சி. என். அண்ணாதுரை, கிருஷ்ணனின் நெருங்கிய நண்பர். அண்ணாதுரை முதன்முதலில் திரைக்கதை, வசனம் எழுதிய நல்லதம்பி (1949) கிருஷ்ணனுக்காகவே எழுதப்பட்டது. ஹாலிவுட் படமொன்றின் தழுவலான இப்படம் மதுவிலக்கை வற்புறுத்தியது. நந்தனார் கதையின் வடிவில் அமைந்த கிந்தனார் கதாகாலட்சேபம் இதில் இடம்பெற்றது. தீண்டாமைக்கு ஆளான சிறுவன் கல்வியால் உயர்வதே அதன் கதை. நந்தனாருக்குத் தீயில் மூழ்கிக் கிடைத்த ஏற்பு, கிந்தனாருக்குப் படிப்பால் கிடைக்கிறது. கிருஷ்ணனின் நகைச்சுவையில் தலைசிறந்தது இதுவே எனக் கருதுவோர் பலர்.

1957 பொதுத்தேர்தலில் காஞ்சிபுரம் தொகுதியில் அண்ணாதுரை போட்டியிட்டார். கிருஷ்ணன் அங்கு பரப்புரைக்குச் சென்றார். எதிர்த்து நின்றவர் ஊரில் நற்பெயர் பெற்ற மருத்துவர். அவரைத் தாழ்த்திப் பேசாமல், அவருடைய திறமையையும் கைராசியையும் நெடுநேரம் புகழ்ந்தாராம். இத்தகைய மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் ஊரில் நோயாளிகளை யார் பார்ப்பது, ஆகவே அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவைச் சென்னைக்கு அனுப்புங்கள் என்று முடித்ததாகக் கூறப்படுகிறது. அண்ணாதுரை வென்று முதன்முறையாகச் சட்டமன்றம் சென்றார்.

மறைவு

அத்தேர்தல் முடிந்த சில மாதங்களில், 1957 ஆகஸ்ட் 30 அன்று சென்னையில் கிருஷ்ணன் காலமானார். அப்போது அவருக்கு வயது 48. அவர் நடித்த அம்பிகாபதி அதே ஆண்டு அக்டோபரில் வெளியானது. 1937இல் வந்த அம்பிகாபதியிலும் அவர் நடித்திருந்தார். சென்னையிலுள்ள கலைவாணர் அரங்கம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. சென்னை தியாகராய நகரில் அவருக்கு அமைக்கப்பட்ட சிலையை, 1969 ஜனவரி 14 அன்று முதலமைச்சராக இருந்த அண்ணாதுரை, கடும் நோயிலும் நேரில் வந்து திறந்துவைத்தார். அதுவே அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி. பிப்ரவரி 3 அன்று அவரும் மறைந்தார்.