லிங்கனின் தாத்தாவுக்குத் தாத்தா யார்? அதிபருக்கே தெரியாமல் போன குடும்பக் கதை

உங்க தாத்தா பேரு தெரியும். தாத்தாவோட அப்பா பேரு? அவரோட அப்பா? இந்த இடத்தில் நம்மில் பலர் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் 16ஆவது அதிபர் ஆப்ரகாம் லிங்கனுக்கும் இதே நிலைதான். தாத்தா வரைக்கும் தெரியும். அதற்கு முன்னால் யார் என்பது தெளிவாகத் தெரியாது.

தெரிந்துகொள்ள அவர் முயலவில்லை என்று நினைக்காதீர்கள். 1848ஆம் ஆண்டு, நாடாளுமன்ற உறுப்பினராக வாஷிங்டனில் இருந்தபோது, தம் குடும்பப் பெயரையே கொண்ட சிலருடன் அவர் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ஒருவர் மசசூசட்ஸில், இன்னொருவர் பென்சில்வேனியாவில். நாம் சொந்தக்காரர்களா என்பதுதான் கேள்வி. இரு பக்கமும் மார்டெக்காய், ஆப்ரகாம் போன்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஆனால் அதை வைத்து எதையும் உறுதிப்படுத்த அவரால் முடியவில்லை.

இன்று நமக்குத் தெரியும். வாங்க, தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

நெசவு பழகிய சிறுவன்

1637ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் உள்ள ஹிங்கம் என்ற சிற்றூரைச் சேர்ந்த சாமுவேல் லிங்கன் கப்பல் ஏறினார். நெசவாளர் ஒருவரிடம் தொழில் பழகியவர். அந்த முதலாளியின் குடும்பத்தோடுதான் பயணம். கப்பல் பதிவில் வயது 18 என்று இருக்கிறது. ஆனால் தேவாலயத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றது 1622இல். அப்படியென்றால் 15 வயதுதான் இருக்கும்!

கரை இறங்கிய சாமுவேல், மசசூசட்ஸில் குடியேறிய ஊரின் பெயரும் ஹிங்கம். விட்டு வந்த ஊரின் பெயரையே புது ஊருக்கும் வைத்திருந்தார்கள். அங்கே அவருக்கு முன்பே வந்துவிட்ட அண்ணன்களும் இருந்தார்கள்.

தலைமுறைக்கு ஓர் ஊர்

சாமுவேலின் மகன் மார்டெக்காய் கொல்லர் வேலை செய்தார். மார்டெக்காயின் மகன் பெயரும் மார்டெக்காய்தான். இந்த இளைய மார்டெக்காய், மசசூசட்ஸை விட்டு நியூ ஜெர்சிக்கும் பிறகு பென்சில்வேனியாவுக்கும் போனார். இரும்புத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தார். பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் வட்டாரத்தில் அவர் கட்டிய கல்வீடு இன்றும் நிற்கிறது. தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இவர்தான்.

இவர் மகன் ஜான், 1768 வாக்கில் தெற்கே வெர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தார். ஜானின் மகன் ஆப்ரகாம், குடிப்படையில் கேப்டன். 1782 வாக்கில் மலைகளைத் தாண்டி கென்டக்கிக்குப் போய், ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு உரிமை பதிவு செய்தார். அதிபர் லிங்கனுக்கு வைக்கப்பட்டது இந்தத் தாத்தாவின் பெயர்.

கவனிச்சீங்களா? ஏறக்குறைய ஒவ்வொரு தலைமுறையும் நிலத்தைத் தேடி நகர்ந்திருக்கிறது. ஆனால் அது காலி நிலம் இல்லை. பூர்வகுடி மக்கள் வாழ்ந்த, வேட்டையாடிய நிலம்.

ஒரே நாளில் மாறிய கதை

1786ஆம் ஆண்டு மே மாதம். கேப்டன் ஆப்ரகாம் மூன்று மகன்களுடன் வயலில் வேலை செய்துகொண்டிருந்தார். அப்போது பூர்வகுடியினர் நடத்திய தாக்குதலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கடைக்குட்டி தாமஸுக்கு 8 வயது. அப்பாவின் உடலருகே நின்றிருந்த அவனைத் தூக்கிச் செல்ல ஒருவர் நெருங்கினார். மூத்த அண்ணன் மார்டெக்காய் வீட்டுக்கு ஓடித் துப்பாக்கியை எடுத்து, அவரைச் சுட்டுத் தம்பியைக் காப்பாற்றினார். அந்தத் தம்பிதான் பின்னாளில் லிங்கனின் அப்பா.

அப்போதைய சட்டப்படி நிலம் மூத்த மகனுக்கே போனது. தாமஸ் சிறு வயதிலிருந்தே கூலி வேலை செய்ய வேண்டியிருந்தது. பள்ளிப் படிப்பு இல்லை. தம் பெயரைக் கையெழுத்தாகப் போடவே சிரமப்பட்டார். குடும்பக் கதை அறுந்த இடம் இதுதான். சொல்ல வேண்டிய அப்பா போய்விட்டார். கேட்க வேண்டிய மகனுக்கு விவரம் புரியும் வயதில்லை.

பத்திரம் சரியில்லை, வீடும் நிலைக்கவில்லை

ஆப்ரகாம் லிங்கன் 1809 பிப்ரவரி 12ஆம் தேதி கென்டக்கியில் ஒரு மரக்குடிசையில் பிறந்தார். தாமஸ் உழைத்து நிலம் வாங்கினார். ஆனால் கென்டக்கியில் நில அளவை குளறுபடியாக இருந்தது. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் உரிமை கோரினார்கள். வழக்குகளில் சிக்கிச் சலித்த தாமஸ், 1816இல் குடும்பத்தோடு இண்டியானாவுக்குக் கிளம்பினார். அங்கே அரசாங்கமே அளந்து விற்ற நிலம் கிடைத்தது. அடிமை முறையும் அனுமதிக்கப்படவில்லை. இரண்டு வருடத்தில் லிங்கனின் அம்மா நான்சி இறந்துபோனார். நச்சுச்செடி தின்ற மாட்டின் பாலால் வரும் நோய் அவரைப் பறித்தது. லிங்கனுக்கு அப்போது 9 வயது.

பின்னாளில் அரசியல் எதிரிகள் இந்தக் குடும்ப வரலாற்றில் இருந்த ஓட்டைகளைப் பயன்படுத்தினார்கள். அவருடைய பெற்றோர் முறையாகத் திருமணம் செய்யவில்லை என்றுகூட வதந்தி பரவியது. திருமணப் பதிவைத் தேடியவர்கள் ஒரு வட்டார நீதிமன்றத்தில் தேடினார்கள். அது இருந்ததோ வேறொரு வட்டாரத்தில். 1806ஆம் ஆண்டின் அந்தப் பதிவு கண்டெடுக்கப்பட்டபோது லிங்கன் உயிரோடு இல்லை.

உறவுக்குள்ளேயே இரு பக்கம்

வம்சாவளியைத் தோண்டினால் பெருமை மட்டும் கிடைக்காது. வெர்ஜீனியாவில் தங்கிவிட்ட லிங்கன் உறவினர்கள் சிலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1863இல் அடிமை விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டவரின் சொந்த இரத்த உறவுகள்! அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, 1862 டிசம்பரில், மினசோட்டாவில் டக்கோட்டா பூர்வகுடியினர் 38 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்ட 303 பேரின் வழக்குகளைப் பார்த்துப் பெரும்பாலோரைத் தூக்கிலிருந்து காப்பாற்றியவரும் லிங்கன்தான். மற்றவர்களின் தண்டனையை உறுதி செய்தவரும் அவர்தான். தாத்தாவைப் பறிகொடுத்த குடும்பத்தின் பேரன் கையில் அந்தப் பட்டியல் இருந்தது.

புதிர் அவிழ்ந்தது எப்படி?

லிங்கன் 1865 ஏப்ரலில் சுடப்பட்டு இறந்தார். அதற்குப் பிறகுதான் ஆய்வாளர்கள் தேவாலயப் பதிவேடுகள், உயில்கள், நிலப் பத்திரங்கள், வரிப் பட்டியல்கள் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். பென்சில்வேனியா மார்டெக்காயும் மசசூசட்ஸ் மார்டெக்காயின் மகனும் ஒருவரே என்பது உறுதியானது. இங்கிலாந்துவரை நீளும் இந்தத் தொடர் 1909இல், லிங்கன் பிறந்து 100 ஆண்டுகள் ஆனபோது, விரிவான நூலாகவே வந்தது. சாமுவேலிலிருந்து எண்ணினால் அதிபர் லிங்கன் ஏழாவது தலைமுறை.

அம்மா வழி இவ்வளவு சுலபமாக அமையவில்லை. நான்சியின் அப்பா யார் என்பது இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. பெண்களின் பெயர்கள் பத்திரங்களில் அதிகம் இடம்பெறாத காலம் அது.

லிங்கனின் நான்கு மகன்களில் ராபர்ட் மட்டுமே திருமணம் செய்து பிள்ளைகள் பெற்றார். அவர் வழியில் கடைசியாக இருந்த கொள்ளுப்பேரன் 1985இல் காலமானார். நேரடி வாரிசு என்று இப்போது யாரும் இல்லை.

இன்னொன்றையும் யோசிச்சுப் பாருங்க. 1848இல் லிங்கன் அந்தக் கடிதங்களை எழுதியபோது அப்பா தாமஸ் உயிரோடுதான் இருந்தார். ஆனால் அவரிடமும் சொல்ல அதிகம் இல்லை. நம் வீட்டில் அப்படி இருக்கணும்னு இல்லை. இந்த வார இறுதியில் பாட்டியைப் பார்க்கப் போனால், அவங்க அப்பா பேரு, அம்மா பேரு, பிறந்த ஊரு, இந்த மூன்றையாவது கேட்டு எழுதி வைங்க. கைத்தொலைபேசியில் பதிவு செய்தாலும் சரி. பாட்டியோட அம்மா பேரை மட்டும் விட்டுடாதீங்க.